பழுது சரியாகிவிட்டது, பேப்பர் பாக்கி! விமானத் தாமதம் பற்றி வாசகர் கேள்விகள்

விமானத் தாமதம் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பழுதுபார்ப்பால் வரும் தாமதம், அந்த நேரத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லப்படும் தகவல், ‘பேப்பர் வேலை’ என்றால் என்ன என்கிற சந்தேகம், இவைதான் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சென்னையில் டெல்லி விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஏதோ சின்னப் பழுது என்றார்கள். இன்ஜினியர் வந்தார், போனார். “சரியாகிவிட்டது, பேப்பர் வேலை மட்டும் பாக்கி” என்று விமானி மைக்கில் சொன்னார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் விமானம் நகரவே இல்லை. சரியான பிறகு என்ன பேப்பர்? சாக்குச் சொல்கிறார்களா?
– வாசகர், திருச்சி

சாக்கு இல்லை. ஸ்பேனர் வேலை எப்போதோ முடிந்திருந்தாலும், எழுத்து வேலை முடியும்வரை சட்டப்படி அது பறக்கத் தகுதியில்லாத விமானம்தான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் டெக் லாக் என்று ஒரு பதிவேடு உண்டு. விமானியோ இன்ஜினியரோ கவனிக்கும் ஒவ்வொரு குறையும் அதில் ஏற வேண்டும். ஏறிவிட்டால், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் (நம்மூர் விமான நிலையங்களில் ஏ.எம்.இ. என்பார்கள்) என்ன குறை கண்டேன், எந்தக் கையேட்டின் எந்தப் பகுதிப்படி வேலை செய்தேன், எந்தப் பாகத்தைக் கழற்றி எதை மாட்டினேன், சோதித்துப் பார்த்தபோது என்ன வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விமானத்தை விடுவிக்க வேண்டும். புதுப் பாகம் மாட்டியிருந்தால் அந்தப் பாகத்தோடு வந்த சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும். அப்புறம் கேப்டன் அதைப் படித்துப் புரிந்துகொண்டு ஏற்க வேண்டும். புரியவில்லை என்றால் அவர் இன்ஜினியரைத் திரும்பக் கூப்பிடுவார், கூப்பிட வேண்டும்.

இது பாதிதான். நேரம் தள்ளிப்போனதாலேயே காலாவதியாகிற பேப்பர்கள் தனி. வான்வழிக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த பயணத் திட்டத்தில் எழுதிய நேரத்தைவிட அரை மணிக்கு மேல் தாமதமானால் அதைத் திருத்தவோ புதிதாகப் போடவோ வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஏசிக்கும் மின்சாரத்துக்கும் வாலில் இருக்கும் சின்ன இன்ஜின் ஓடியிருந்தால் அது எரிபொருளைக் குடித்திருக்கும், அந்தக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். டெல்லியில் இறங்கும் நேரம் மாறினால் வானிலை அறிக்கையும் மாறும், அங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்ற மாற்று விமான நிலையமும் மாறலாம், அது மாறினால் எரிபொருள் அளவும் மாறும், எரிபொருள் மாறினால் எடைக் கணக்கான லோட் ஷீட்டும் மாறும். நடுவில் யாராவது பயணம் வேண்டாம் என்று இறங்கிவிட்டால் லோட் ஷீட்டை இன்னொரு தடவை போட வேண்டும். இதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு நெருங்கியிருந்தால் மாற்று ஆட்களைத் தேட வேண்டியிருக்கும். எல்லாம் முடித்துவிட்டு ‘கிளம்பலாமா’ என்று கேட்டால் ஓடுபாதைக்கு வரிசை.

அந்த முக்கால் மணி நேரத்தில் இதில் பாதியாவது நடந்திருக்கும். இதை விமானி இன்னும் இரண்டு வாக்கியம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். விளக்கிச் சொன்னால் பயணிகள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: சில பழுதுகளைச் சரிசெய்யாமலேயே பறக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாமே? கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

உண்மைதான், எம்.இ.எல். என்பார்கள். எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும், என்னென்ன நிபந்தனையோடு, எத்தனை நாள்வரை பறக்கலாம் என்று சொல்கிற பட்டியல். விமானத்தில் முக்கியமான ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாக இருப்பதால்தான் இது சாத்தியம். பி வகை என்றால் 3 நாள், சி வகை 10 நாள், டி வகை 120 நாள், ஏ வகைக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும். வேலை செய்யாத கருவிக்குப் பக்கத்தில் அது வேலை செய்யவில்லை என்று ஒட்ட வேண்டும், விமானி என்ன கூடுதலாகச் செய்ய வேண்டும், இன்ஜினியர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை அம்மா. பட்டியலை மீறுவதும், பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இருவர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வதும்தான் ஆபத்து. அடுத்த பதிலைப் படித்தால் தெரியும்.

கேள்வி: எழுத்து வேலையில் ஒரு தப்பு வந்தால் அவ்வளவு பெரிய விஷயமா? விமானத்தில்தான் ஆயிரம் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது காட்டிக்கொடுக்காதா?
– கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏர் கனடா 143. மொன்ட்ரியலில் கிளம்பி ஓட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டிய போயிங் 767. அப்போது அந்த ரகமே புதிது.

அந்த விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவிக்கு இரண்டு சேனல்கள். ஒன்றில் கோளாறு, அதனால் காட்டியே இருண்டுபோகிறது. முந்தின நாள் எட்மன்டனில் ஒரு டெக்னீஷியன் இதைக் கண்டுபிடித்து, கோளாறான சேனலின் சர்க்யூட் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான்) இழுத்துவிட்டு அதில் ஒரு அடையாளச் சீட்டைக் கட்டினார். உடனே நல்ல சேனலைக் கொண்டு காட்டி வேலை செய்தது. பட்டியல்படி இது சரி, எரிபொருளைக் குச்சியால் அளந்தும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பதிவேட்டில் அவர் எழுதியது சுருக்கமாக: காட்டி இருண்டிருந்தது, இரண்டாவது பிரேக்கர் இழுத்துச் சீட்டு கட்டப்பட்டது, அளந்து பார்க்க வேண்டும். பிரேக்கரை இழுத்ததால்தான் காட்டி வேலை செய்கிறது என்கிற ஒரு வாக்கியம் அதில் இல்லை.

மொன்ட்ரியலில் இன்னொரு டெக்னீஷியன் சோதித்துப் பார்க்கலாம் என்று அந்தப் பிரேக்கரை உள்ளே தள்ளினார், காட்டி இருண்டது, அதற்குள் வேறு வேலையில் கவனம் போய்விட்டது, மறுபடி இழுத்துவிட மறந்தார். சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் உள்ளே வருகிறார். விமானத்தை ஒப்படைத்த கேப்டனோடு பேசியதில், வரும் வழி முழுக்கக் காட்டி இல்லாமலேயே வந்தார்கள் என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்தால் ‘காட்டி இருண்டிருந்தது’ என்று இருக்கிறது. பிரேக்கரைப் பார்த்தால் சீட்டு தொங்குகிறது. காட்டியைப் பார்த்தால் இருட்டு. எல்லாம் பொருந்துகிறது! ஆனால் காட்டி முழுதாக இருண்டிருந்தால் பறக்கவே கூடாது என்றது எம்.இ.எல். பட்டியல் புதிது, அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது, பட்டியலைவிடப் பராமரிப்புப் பிரிவின் வார்த்தையை நம்பும் வழக்கம் வந்துவிட்டிருந்தது. அவர்கள் விடுவித்துவிட்டார்கள் என்று நம்பி ஏற்றுக்கொண்டார்.

சரி, குச்சியால் அளந்தார்களே? அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள், சீட்டில் இருந்த எண் அதுதான். ஆனால் அது பவுண்டுக்கான எண். கிலோவுக்கு 0.8 சொச்சம். அந்த நிறுவனத்தின் பழைய விமானங்கள் எல்லாம் பவுண்டு, 767 மட்டும் கிலோ. 13,597 கிலோ ஏற்கெனவே இருக்கிறது என்று முடிவுகட்டி, கிட்டத்தட்ட 4,900 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள். உண்மையில் 20,000 லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் காட்டி வேலை செய்யாததால் எரிபொருள் அளவை விமானிகளே அதில் தட்டச்சு செய்தார்கள், 22,300 கிலோ என்று. அது அதையே நம்பி வழியெல்லாம் கழித்துக்கொண்டு வந்தது. ஓட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள், மறுபடியும் அதே எண்ணால் பெருக்கினார்கள்.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. இரண்டு இன்ஜின்களும் நின்றன. பியர்சனுக்கு இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிய அனுபவம் இருந்தது, துணை விமானி மோரிஸ் குவின்டால் முன்பு விமானப்படையில் இருந்தபோது பழகிய கிம்லி என்ற பழைய தளத்தை நினைவுபடுத்திக்கொண்டார். ஓடுபாதையில் அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது, அங்கேயே இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

இதில் யாருமே பொறுப்பில்லாதவர் இல்லை, அதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவர் சொன்னதை நம்பினார். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: முன்பு மூன்று பேர் காக்பிட்டில் இருந்தபோது எரிபொருள் கணக்கு ஃப்ளைட் இன்ஜினியரின் வேலை. இருவர் மட்டும் ஓட்டும் 767 வந்தபோது அந்தக் கணக்கு யார் பொறுப்பு என்பதை யாரும் தெளிவாக்கவில்லை, அதற்கு யாருக்கும் சரியான பயிற்சியும் கொடுக்கவில்லை.

கேள்வி: தாமதத்தின்போது ஒரு பயணி “நான் வரலை” என்று இறங்கிப் போனார். அவர் போவதற்காக எங்களை எல்லாம் ஏன் இன்னும் அரை மணி காக்கவைத்தார்கள்?
– வாசகர், சேலம்

அவருடைய பெட்டி விமானத்தின் வயிற்றில் இருந்திருக்கும். ஆள் இல்லாமல் பெட்டி பறக்கக் கூடாது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182, கனிஷ்கா, அயர்லாந்துக் கடலோரத்தில் வெடித்து 329 பேர் இறந்தார்களே, அந்தக் குண்டு வந்தது விமானத்தில் ஏறாத ஒருவரின் பெட்டியில். அதனால் பெட்டியைத் தேடி இறக்கி, தலைகளை மறுபடி எண்ணி, எடைக் கணக்கைத் திருத்தித்தான் கதவைச் சாத்துவார்கள். அரை மணியில் முடித்தது வேகம்தான்.

கேள்வி: அரை மணி, இன்னும் அரை மணி என்று நாலு மணி நேரம் இழுத்தார்கள். போர்டில் ஒரு நேரம், எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு நேரம், கேட்டில் நிற்கிற பெண் சொன்னது ஒரு நேரம். முதலிலேயே உண்மையைச் சொல்ல என்ன கஷ்டம்?
– வாசகி, மதுரை

உங்கள் கோபம் நியாயம். பழுதுக்காக நிறுத்தினார்கள் என்று யாராவது எழுதினால் நான் நிறுவனத்தின் பக்கம் நிற்பேன், தகவல் சொல்லவில்லை என்று எழுதினால் பயணியின் பக்கம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பழுது என்ன என்று கண்டுபிடிக்கிற கட்டத்தில் எவ்வளவு நேரமாகும் என்று இன்ஜினியருக்கே தெரியாது. சென்சார் போயிருக்கலாம், வயராக இருக்கலாம், பாகம் வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருக்கலாம். அவரை நெருக்கிக் கேட்டால் ‘ஒரு அரை மணியில் தெரியும்’ என்பார். கவனியுங்கள், அரை மணியில் *தெரியும்* என்றார், முடியும் என்று சொல்லவில்லை. இது பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தின் செயல்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கேட்டுக்கு போனில் வரும்போது ‘அரை மணியில் கிளம்பும்’ ஆகிவிடுகிறது. கேப்டன் மைக்கில் சொல்வது பெரும்பாலும் பழுது முடியும் நேரம், பேப்பர் முடிந்து கிளம்பும் நேரம் அல்ல. எஸ்.எம்.எஸ். நிறுவனத்தின் சிஸ்டத்திலிருந்து தானாகப் போகிறது, போர்டு விமான நிலையத்தின் கையில். யாராவது ஒருவர் புதிய நேரத்தைச் சிஸ்டத்தில் போட மறந்தால் மூன்று இடத்தில் மூன்று நேரம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. நாலு மணி நேரம் என்று சொன்னால் பயணிகள் கலைந்துபோவார்கள், ஒரு மணியில் சரியாகிவிட்டால் ஆட்களைத் திரட்ட முடியாது. அதனால் உங்களைக் கேட் பக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கிறார்கள். காரணம் புரிகிறது, ஆனால் கைக்குழந்தையோடும் சர்க்கரை நோயோடும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது அநியாயம். “என்ன பழுது என்று தேடுகிறோம், எப்போது கிளம்பும் என்று இப்போது சொல்ல முடியாது, 7.40-க்கு அடுத்த தகவல் சொல்கிறோம், அதுவரை நீங்கள் சாப்பிடப் போகலாம்” என்று சொல்லிவிட்டு, புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 7.40-க்குச் சரியாக வந்து நின்றால் போதும். கேட்டில் நிற்கிற அந்தப் பெண்ணுக்கும் இது பாதுகாப்பு, ஏனென்றால் பல நேரம் அவருக்கே எதுவும் சொல்லப்படுவதில்லை, திட்டு மட்டும் அவருக்கு.

2024 ஜனவரியில் டெல்லி மூடுபனியால் பெரிய குழப்பம் வந்த பிறகு, தாமதத்தைப் பற்றிய சரியான தகவலை உடனுக்குடன் இணையதளத்தில் போட வேண்டும், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாகப் பயணிகளுக்கு அனுப்ப வேண்டும், விமான நிலைய ஊழியர்களுக்குப் பயணிகளிடம் விளக்கிச் சொல்லப் பழக்க வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடைமுறை வகுத்தது. அதை நினைவூட்டிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: எங்கள் விமானத்தில் பழுதுபார்க்கும்போது சிலர் காக்பிட் கதவு வரை போய்ச் சத்தம் போட்டார்கள். அதனால்தான் சீக்கிரம் கிளம்பியது என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்பது உண்மையா?
– வாசகர், புதுக்கோட்டை

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பேன்ஏர் 5022, எம்.டி-82, கேனரி தீவுகளுக்குப் போகிற விமானம். ஓடுபாதை வரை போய்விட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி, அதில் பனி படியாமல் காக்கும் சூடேற்றியால் தரையிலேயே அதிகமாகச் சூடாகிறது என்று திரும்பி வந்தார்கள். டெக்னீஷியன் எம்.இ.எல்.-ஐப் பார்த்து அந்தச் சூடேற்றியை அணைத்தார். ஆகஸ்ட் வெயில், பனி படியாது, பட்டியல் அனுமதிக்கிறது. மறுபடி கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அவசரம். சரிபார்க்கும் பட்டியலில் ஃபிளாப் (விமானம் மேலெழ உதவும், இறக்கையிலிருந்து இறங்கும் பலகை) இறக்குவது தவறிப்போனது. ஃபிளாப் இல்லாமல் ஓடத் தொடங்கினால் அலற வேண்டிய எச்சரிக்கையும் அலறவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். தரையில் சூடாகவே கூடாத அந்தச் சூடேற்றி ஏன் சூடானது என்று யாரும் தேடவில்லை. விமானம் தரையில் இருக்கிறதா வானத்தில் இருக்கிறதா என்று சொல்கிற ஒரு ரிலேதான் சூடேற்றிக்கும் அந்த எச்சரிக்கைக்கும் பொது. எச்சரிக்கை ஏன் அலறவில்லை என்பதை விசாரணையால் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் ஒரு அரை மணி நேரம் நிதானமாகத் தேடியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது 1991 செப்டம்பர் 11, அமெரிக்காவின் டெக்சஸ், கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. முந்தின இரவு வால் இறக்கையின் முன்விளிம்பில் வேலை நடந்தது. மாலை ஷிப்டில் இடது பக்க மேல்வரிசை ஸ்க்ரூக்கள் 47-ஐக் கழற்றினார்கள். அதை அடுத்த ஷிப்டுக்கு எழுதி ஒப்படைக்கவில்லை. வந்தவர்கள் வலது பக்கம் மட்டும் பார்த்து முடித்து விமானத்தை விடுவித்தார்கள். காலையில் அந்த விளிம்பு வானத்தில் பிய்த்துக்கொண்டது, விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

எழுதிக்கொண்டிருக்கிற இன்ஜினியரை இடைமறிப்பது, விமானி சரிபார்க்கும் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டுவது, இதனால் விமானம் ஒரு நிமிடம்கூட முன்னதாகக் கிளம்பாது. ஒரு வரி விட்டுப்போக வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். உங்கள் கேள்வியைக் கேட் மேலாளரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பழுதால் தாமதமானால் எனக்கு என்ன கிடைக்கும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், நாகர்கோவில்

இந்தியாவுக்குள் என்றால், பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கும் விமானம் 2 மணிக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம் என்றால் 3 மணி தாமதத்துக்குப் பிறகு, மற்றவற்றுக்கு 4 மணிக்குப் பிறகு. சென்னை–மதுரைக்கு 2 மணி, சென்னை–டெல்லிக்கு 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கு மேல் போனால் வேறு விமானமா, முழுப் பணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். 24 மணிக்கு மேல் தாமதம், அல்லது இரவு 8-லிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணிக்கு மேல் தாமதம் என்றால் தங்கும் இடம். வெறும் தாமதத்துக்கு ரொக்க இழப்பீடு இந்திய விதியில் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் உண்டு, பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம், எது குறைவோ அது.

பாரிஸ், ஃபிராங்ஃபர்ட் பக்கமிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அவர்களுடைய 261/2004 விதி பொருந்தும். 3 மணிக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250-லிருந்து 600 யூரோ வரை. “பழுது எதிர்பாராதது, அதனால் இழப்பீடு இல்லை” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சாதாரணப் பராமரிப்பில் வெளிப்படுகிற பழுது அந்த விலக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. இங்கிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கு மட்டும்தான் இது.

போர்டிங் பாஸ், வந்த எஸ்.எம்.எஸ்.கள், நீங்களே வாங்கிச் சாப்பிட்ட பில், போர்டின் போட்டோ எல்லாவற்றையும் வைத்திருங்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அவர் பெயர் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும். அங்கே பதில் வராவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.